கைமாறும் அமானிதம்

அரபு மொழியின் பழைய மருத்துவ நூல்களைப் பயில்வோர் ‘தூலாப்’ என்னும் சொல்லைக் காண்பர். நீரிறைக்கும் உருளை என்பது அதன் பொருள். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலை நிறைவு செய்த இப்னு ஸீனா, நீரிழிவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கிரேக்கர் இட்ட பெயரோடு இப்பெயரையும் சேர்த்தே சொல்கின்றார். ஏற்றச்சால் கிணற்றில் நிறைவதும் வாய்க்காலில் கொட்டுவதுமாய் இருப்பதுபோல, இந்நோயாளி குடிப்பதும் கழிப்பதுமாகவே இருக்கின்றான். நம் தமிழ் முன்னோரும் இதே காட்சியைத்தான் கண்டனர். இழிதல் என்றால் இறங்குதல், ஒழுகுதல். நீர் இழிந்துகொண்டே இருத்தலின் ‘நீரிழிவு’ என்றனர். இரு மொழியாரும் வெளியே ஓடும் நீரைக் கண்டு பெயரிட்டார்கள். அந்நீரோடு சேர்ந்து ஒரு தாயின் உறக்கமும் ஒரு பிள்ளையின் துணிவும் ஓடிவிடுவதை, அந்த வீட்டுக்குள் இருப்பவர்களே அறிவர்.

நம் இல்லங்களில் ‘சுகர்’ என்றால் அது பெரியவர்களின் நோய் என்றே எண்ணப்படுகின்றது. நிக்காஹ் விருந்தில் பிரியாணிக்குப் பின் வரும் இனிப்பைத் தள்ளி வைக்கும் பெரியவரைப் பார்த்து நாம் புன்னகை செய்கின்றோம். இந்திய நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டு என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ஆம் ஆண்டு தெரிவித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அத்தகைய பெரியவர்களே. ஆனால் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் நீரிழிவு வேறு வகையைச் சார்ந்தது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறிக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றது. இனிப்புத் தின்றதால் வருவதன்று, தாய் கவனியாததால் வருவதன்று, கண்ணேறும் அன்று. சுரப்பு நின்றபின், ஒவ்வொரு நாளும் ஊசி வழியாக இன்சுலினைச் செலுத்தினால் உயிர் வாழலாம். செலுத்தாவிட்டால் வாழ இயலாது. இடைப்பட்ட வழி ஏதுமில்லை.

என் தங்கை குடும்பம் திருமுல்லைவாயிலில் இருக்கின்றது. மைத்துனர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையொன்றில் வேலை செய்கின்றார். அவர்களுடைய மூத்த மகளுக்கு 2019-ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் வயதில், இந்நோய் வந்தது. ஒரு மாதத்திற்குள் சட்டை தோளிலிருந்து வழுகும் அளவுக்கு மெலிந்தாள். இரவில் நான்கு முறை எழுந்தாள். குடம் குடமாக நீர் குடித்தாள். பரீட்சைக் கவலை என்றனர் சிலர். வயதுக்கு வரும் பருவம் என்றனர் சிலர். ஒரு நாள் வாந்தியும் மூச்சிரைப்புமாய் மயங்கிய பின்னரே மருத்துவமனையில் உண்மை வெளிப்பட்டது. அளவு கடந்த தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லா மெலிவு, சோர்வு: இந்நான்கும் ஒரு பிள்ளையிடம் ஒன்றாய்த் தோன்றினால் அன்றே இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை இதைப் படிக்கும் ஒவ்வொரு தாயும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும்.

அன்றிலிருந்து நான்காண்டுகள் அந்நோயை என் தங்கைதான் சுமந்தாள். ஸுபுஹுக்கு எழுந்ததும் முதல் வேலை மகளின் விரலைக் குத்திப் பார்ப்பது. எத்தனை இட்லி, எத்தனை யூனிட் என்று கணக்கிட்டு ஊசி போடுவது அவளே. நள்ளிரவில் எழுந்து, உறங்கும் பிள்ளையின் நெற்றி வியர்த்திருக்கின்றதா என்று தடவிப் பார்ப்பதும் அவளே. மகள் பள்ளியில் முதல் வரிசை மாணவி. தன் நோயின் பாடத்தில் மட்டும் அவள் எழுத்தறியாதவளாகவே இருந்தாள்.

2023-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, நகரின் நடுவிலுள்ள மகளிர் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தபோது, வீட்டில் மகிழ்ச்சிக்கு முன் அச்சம் வந்தது. திருமுல்லைவாயிலில் மின்தொடர் வண்டி ஏறி, மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. காலை ஏழரைக்குப் புறப்பட்டால் திரும்ப மாலை ஆறாகும். அஞ்சல் வழியில் படிக்கட்டுமே என்றார் மைத்துனர். நானும் தினமும் கூடவே போய்க் கல்லூரி வாயிலில் உட்கார்ந்திருக்கின்றேன் என்றாள் தங்கை. மைத்துனரின் அக்காவோ, எது செய்தாலும் கல்லூரியில் மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது, நாளைக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும் அல்லவா என்றார். பூந்தமல்லியிலிருந்து என்னை வரவழைத்துக் கருத்துக் கேட்டார்கள்.

“அண்ணே, அவ கையில ஊசியைக் கொடுத்து அனுப்பிட்டு நான் வீட்டுல எப்படி உட்கார்ந்திருப்பேன்?” என்று தங்கை அழுதாள். அதுவரை பேசாதிருந்த மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “மாமா, எனக்குச் சுகர் வந்து நாலு வருஷம் ஆச்சு. இன்னும் அது அம்மாவோட சுகராத்தான் இருக்கு.”

அவள் சொன்னதில் முழு வழக்கும் அடங்கியிருந்தது. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று மேடைதோறும் சொல்கின்றோம். குழந்தையின் உடல் சிறிது காலம் பெற்றோர் கையில் இருக்கும் அமானிதம். அவர்கள் காலமெல்லாம் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ள இயலாது. உரிய பருவத்தில் உரியவர் கையில் சேர்க்க வேண்டும். எண்ணிக் காட்டி, எழுதிக் கொடுத்து, சாட்சி வைத்து ஒப்படைப்பதுதான் அமானிதத்தின் முறை. கல்லூரி திறக்கும் நாளில் பையில் ஊசியைத் திணித்து அனுப்புவது ஒப்படைப்பு ஆகாது. ஊசியையே தன் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி வாயிலில் காத்திருப்பதும் ஒப்படைப்பு ஆகாது.

நூறாண்டுக்கு முன்னர் இந்த ஒப்படைப்புக்கே இடமிருக்கவில்லை. 1922-க்கு முன் இவ்வகை நீரிழிவு வந்த பிள்ளை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோகும். மருத்துவர்களிடம் இருந்த ஒரே வழி பட்டினி. அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக விளங்கிய சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 1919-இல் பதினோரு வயதில் இந்நோய் வந்தது. நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர் அவளுக்கும் பட்டினியையே மருந்தாகத் தந்தார். பதினைந்தாம் வயதில் அவள் எடை சுமார் 20 கிலோ. அதே 1922-ஆம் ஆண்டின் ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அம்மருந்தைக் கண்டறிந்தோருள் முதன்மையானவரான பாண்டிங்கிடம், ஆகஸ்டு மாதம் எலிசபெத் அழைத்துச் செல்லப்பட்டாள். பிழைத்தாள், ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றாள், பின்னர் நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரியில் சேர்ந்து 1929-இல் பட்டம் பெற்றாள். மணந்து, மூன்று மக்களைப் பெற்று, 40,000-க்கும் மேற்பட்ட ஊசிகளைப் போட்டுக்கொண்டு 1981-இல் எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார். இன்சுலினைக் கண்டறிந்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் விற்றுவிட்டனர் என்பதையும் இங்கே நினைவுகூர்வது தகும்.

நம் சென்னையும் இத்துறையில் பின்தங்கியதன்று. 1948-இல் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் மு. விசுவநாதன், 1954-இல் இராயபுரத்தில் மருத்துவமனை ஒன்றையும் நிறுவினார். இந்நாளில் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றித் தரப்படுகின்றது. மருந்துக்குக் குறையில்லை. அதைக் கையாளும் அறிவைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுப்பதில்தான் நம் குடும்பங்கள் தயங்குகின்றன.

அந்த ஆண்டு கோடை விடுமுறை முழுவதையும் தங்கை வீட்டில் இப்பாடத்திற்கே ஒதுக்கினோம். மருத்துவர் சொல்லச் சொல்ல மகளே குறிப்பெடுத்தாள். முதல் வாரம் தாய் செய்ய மகள் பார்த்தாள். அடுத்த வாரங்களில் மகள் செய்யத் தாய் பார்த்தாள். கடைசி இரு வாரங்கள் தாய் அடுத்த அறையில் இருந்தாள். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் முறையும் இதுதானே! உஸ்தாது ஓத மாணவன் கேட்கின்றான்; பின் மாணவன் ஓத உஸ்தாது கேட்கின்றார்; பின் அவன் தனியே ஓதுகின்றான்.

அவள் கற்றவற்றுள் சிலவற்றை மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் எனக் கருதி எழுதுகின்றேன். இன்சுலின் புட்டிகள் நம் நாட்டில் இரு வலிமைகளில் கிடைக்கின்றன. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளதற்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல். 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி ஊசிக்குழல். 100 வலிமையுள்ள மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் சேர்ந்துவிடும். விடுதியிலோ வெளியூரிலோ அவசரத்தில் புதிய புட்டி வாங்கும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு உயிர் காக்கும் அறிவாகும்.

திறவாத புட்டியைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்க வேண்டும். உறைபனி அறையில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். பயன்பாட்டில் உள்ளதை ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைக்கலாம். ஆயினும் ஆவடிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அறையின் வெப்பமே அளவை மீறிவிடுகின்றது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் விடுதி அறையிலும் ஈரமணலில் வைத்த மண்பானை கைகொடுக்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் மருந்தை ஒருபோதும் விட்டுவைக்கலாகாது.

ஊசி போட்டபின் உணவு தாமதித்தாலோ, வழக்கத்திற்கு மேல் நடந்தாலோ இரத்தச் சர்க்கரை இறங்கும். கல்லூரி வாழ்க்கையில் இரண்டுமே அன்றாட நிகழ்ச்சிகள். உணவகத்தில் நீண்ட வரிசை, நீண்டுபோகும் ஆய்வக வகுப்பு, வண்டியைப் பிடிக்க ஓட்டம்! ஆகவே உணவுத் தட்டு கைக்கு வருவது உறுதியான பின்னரே ஊசி போட வேண்டும். தன் மருந்து உணவுக்கு எத்தனை நிமிடம் முன்பு போட வேண்டியது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாக் கோபம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ உடனே உண்ண வேண்டும். கால் மணி நேரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறாவிட்டால் மறுபடியும் உண்ண வேண்டும். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இந்நேரத்திற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு இனிப்பைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும். காய்ச்சலில் உணவு இறங்காத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தலாகாது. அன்று அளவை அடிக்கடி சோதித்து மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் அவள் கற்றுவிட்டாள். எஞ்சி நின்றது மறைப்பதா, சொல்வதா என்னும் கேள்வி. இவ்விடத்தில்தான் நான் உறுதியாக நின்றேன். எலிசபெத் ஹியூஸ் எல்லாவற்றையும் தானே செய்துகொண்ட பெண்மணி. ஆனால் நெருங்கியவர் சிலரைத் தவிர எவரிடமும் சொல்லாமல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மறைத்தே வாழ்ந்தார். அக்காலச் சமூகம் அவரை அப்படி வைத்தது. மாறாக, பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வசீம் அக்ரமுக்கு 1997-இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. அவர் அதை மறைக்கவில்லை. 1999-இல் தம் அணியை உலகக் கோப்பை இறுதியாட்டத்திற்கு நடத்திச் சென்றார். 2003-இல் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட்டுகளை எட்டினார். இன்றும் தம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றார்.

தன்னைத் தானே காத்துக்கொள்வது என்பது தனியாய்க் கிடப்பது அன்று. சர்க்கரை இறங்கும்போது முதலில் மங்குவது அறிவு. அந்த நேரத்தில் தன்னைக் காக்கத் தானே போதாது என்பதை முன்கூட்டி அறிந்து, பிறரிடம் சொல்லி வைப்பதும் தன்காப்பின் ஒரு பகுதியே. ஆகவே கல்லூரி திறந்த முதல் வாரத்தில் மருத்துவச் சான்றுடன் முதல்வருக்கு அவளே ஒரு கடிதம் எழுதினாள். வகுப்பிலும் தேர்விலும் குளுக்கோஸும் சோதனைக் கருவியும் உடன் வைத்துக்கொள்ள இசைவு கேட்டாள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ஆம் ஆண்டிலேயே இத்தகைய மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை வில்லையும் சிற்றுண்டியும் கொண்டுவர இசைவளித்திருக்கின்றது. ஆகவே இது புதுமையான வேண்டுகோள் அன்று. உடன் பயணம் செய்யும் அன்னனூர்த் தோழி ஒருத்தியிடமும் எல்லாம் சொன்னாள். பையின் வெளியறையில் குளுக்கோஸ் இருக்கும் இடத்தையும் காட்டினாள்.

சொன்னதன் பயன் ஆகஸ்டு மாதமே தெரிந்தது. அன்று ஆய்வக வகுப்பு நீண்டுவிட்டது; பாதி உணவோடு ஓடி வண்டி ஏறியிருக்கின்றாள். பெரம்பூரைத் தாண்டும்போது வியர்த்து, கண் இருண்டு, பேச்சுக் குழறியது. பெட்டியிலிருந்த பெண்கள் பசி மயக்கம் என்றார்கள். ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஒருவர் ஓதி ஊதினார். எல்லாரும் நல்லவர்களே. ஆனால் செய்ய வேண்டியது இன்னதென்று அறிந்தவள் தோழி ஒருத்தியே. குளுக்கோஸைக் கையில் கொட்டி உண்ணச் செய்தாள். அம்பத்தூர் வருமுன் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தோழிக்குத் தெரியாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று மைத்துனரின் அக்கா அன்று வாய்விட்டுக் கேட்டார். அதற்குப்பின் அவர் மறைக்கச் சொல்லவில்லை.

திருமணத்தைக் குறித்த அச்சம் பொய்யானதன்று. அதை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் மறைத்து முடிக்கும் நிக்காஹில் வஞ்சனை கலந்துவிடுகின்றது. மறுவீட்டில் ஊசியை ஒளித்துப் போடும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பெண், மருத்துவர் கண்காணிப்பில் நலமான மக்களைப் பெற இயலும். இதைப் பெண் வீட்டார் கூசாமல் சொல்லவும், மாப்பிள்ளை வீட்டார் அஞ்சாமல் கேட்கவும் நம் ஜமாஅத்துகளில் பழக்கம் வளர வேண்டும்.

மார்க்கம் பற்றிய இரு ஐயங்களையும் இங்குத் தீர்த்துவிடலாம். முன்னாளில் இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்பட்டது. அதனால் நம் பெரியவர்கள் மனம் கலங்கியதுண்டு. மனித இன்சுலினை நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்கும் முறை 1978-இல் கண்டறியப்பட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் மருந்துக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது அவ்வாறு ஆக்கப்படும் இன்சுலினே.

இரண்டாவது நோன்பு. 2024 மார்ச்சில் ரமளான் பிறந்தபோது அவளுக்குக் கல்லூரியில் முதலாண்டு. தோழியர் பலர் நோன்பு நோற்றனர். பகலில் உண்ண வேண்டிய இவள், அவர்கள் கண்ணில் படக் கூசிக் கழிப்பறையில் நின்று ரொட்டி தின்றாள் என்று பின்னர் அறிந்தபோது என் நெஞ்சு கனத்தது. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தரும் சலுகை இறைவன் தந்தது. அதை ஏற்பது குறைவான ஈமான் அன்று, கீழ்ப்படிதலே ஆகும். இவ்வகை நீரிழிவு உடையோர்க்கு நோன்பு பேரிடர் தரக்கூடியது என்பதே மருத்துவர்களின் பொதுக் கருத்து. மருத்துவர் இசைந்தவர் மட்டும் நோற்கலாம். அவரும் அளவு 70-க்குக் கீழ் இறங்கினால் அக்கணமே நோன்பைத் திறந்துவிட வேண்டும். இன்சுலின் போன்று தோலுக்கடியில் போடும் ஊசி நோன்பை முறிக்காது என்று ஜித்தாவின் அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் 1997-இல் முடிவு செய்திருக்கின்றது. என்றும் நோற்க இயலாதவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா தரலாம். அவள் தன் படிப்புதவித் தொகையிலிருந்தே ஃபித்யா கொடுத்தாள். மறு ஆண்டு, தோழியர் நடுவில் அமர்ந்து கூசாமல் உண்டாள். மாலையில் அவர்களோடு ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும், அதற்குரிய யூனிட் கணக்கோடு, குடித்தாள்.

கல்லூரியில் சேரவிருக்கும் பிள்ளைக்கு நாம் புதுத் துணி எடுக்கின்றோம், கைப்பேசி வாங்குகின்றோம், பயணச் சீட்டு எடுத்துக் கொடுக்கின்றோம். நீரிழிவுள்ள பிள்ளையாயின், அவற்றுக்கெல்லாம் முன்னர் அதன் நோயை அதன் கையில் ஒப்படையுங்கள். கல்லூரி திறப்பதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். தவறான கணக்குப் போட்டால் திட்டாமல் திருத்துங்கள். திட்டினால் அடுத்த முறை பொய்யான எண்ணை எழுதி வைக்கும். நாளைக்கு ஒரு முறை தொலைபேசியில் நலம் கேளுங்கள். பத்து முறை கேட்டு அதன் தன்னம்பிக்கையைக் கரைத்துவிடாதீர்கள். தோழமைக்கு ஒருவரையும் ஆசிரியருள் ஒருவரையும் அறியச் செய்யுங்கள்.

என் தங்கை இன்னும் சில இரவுகளில் எழுந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றாள். அது தாயின் உரிமை. அதை எவரும் பறிக்க வேண்டியதில்லை. ஊசிக் கணக்கு மட்டும் மகளிடம் இருக்கின்றது. நம் பிள்ளைகள் தங்கள் உடலின் அமானிதத்தை அறிவோடும் துணிவோடும் காத்துக்கொள்ள வல்ல இறைவன் அருள்புரிவானாக!